கண் மூடியிருந்தவர்

அந்தப் படத்தில் ஒரு லாரி நிற்கிறது. ஆயுத பூஜை நாள். முகப்புக் கண்ணாடிக்கு மேல் சாமந்தி மாலை, இரண்டு பக்கமும் வாழைக்கன்று, விளக்குகளைச் சுற்றிச் சந்தனப் பொட்டு, முன்சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழங்கள். வண்டிக்கு முன்னால் இரண்டு ஆண்கள். வலது பக்கம் நிற்பவர் என் பெரியப்பா. ஒரு கையை வண்டியின் மேல் ஊன்றி, மறு கையை இடுப்பில் வைத்து, கேமராவையே விலைக்கு வாங்கப் போகிறவர் மாதிரி நிற்கிறார். இடது பக்கம் நிற்பவர் அவரோடு அதே வண்டியை மாற்றி மாற்றி ஓட்டிய இன்னொரு டிரைவர். பெரியப்பாவைவிட ஒரு சாண் உயரம். புதுச்சட்டையின் மடிப்பு இன்னும் கலையவில்லை. படம் எடுத்த நொடியில் அவர் கண்ணை மூடிவிட்டார்.

பெரியம்மா இறந்த பிறகு அவருடைய தகரப் பெட்டியைப் பிரித்தபோது, பழைய ரேஷன் கார்டுகளுக்கு நடுவில் இது கிடைத்தது. உள்ளங்கை அளவுதான். ஓரத்தில் மஞ்சள் கறை. எடுத்துக்கொள்ளட்டுமா என்று பெரியப்பாவைக் கேட்டேன். பார்வை மங்கிப்போயிருந்த அவர், என்ன படம் என்றுகூடக் கேட்காமல், "எடுத்துக்கடா, எனக்கு எதுக்கு" என்றார்.

நான் தருமபுரியில் தமிழாசிரியர். கதைகளும் எழுதுகிறவன். எனக்குக் கதைகள் பழைய படங்களிலிருந்துதான் வரும். அந்தப் பழக்கம் சிறு வயதிலேயே தொடங்கிவிட்டது. எனக்கு மூன்று வயதாகும்போது அப்பா இறந்துபோனார். அவருக்கென்று எங்களிடம் இருந்தது ஒரே ஒரு படம். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், யாரோ கூப்பிட்டதுபோல் முகம் கொஞ்சம் திரும்பியிருக்கிறது. கூப்பிட்டது யார், எதற்குக் கூப்பிட்டார்கள், அவர் என்ன பதில் சொன்னார் என்று பாயில் படுத்தபடி நானே சொல்லிக்கொள்வேன். அப்பாவின் குரலை நான் அப்படித்தான் செய்துகொண்டேன். பிற்பாடு எழுத வந்தபோதும் அதே வித்தைதான் கைகொடுத்தது. நண்பர்கள் வீட்டுச் சுவர்களில், சலூன்களில், பழைய ஆல்பங்களில் யார் யாருடைய முகங்களையோ தேடினேன். ஒரு முந்தானை மடிப்பும், ஸ்டூடியோக்காரர் வைத்த காகிதப் பூவும், நடுவில் உட்கார்ந்தவர் முகத்தில் இருக்கும் ஏதோ ஒரு வாட்டமும் போதும், நான் எழுதிவிடுவேன். மாத இதழ் ஒன்றில் இப்படிப் படத்தோடு வந்த கதைகளுக்கு வாசகர்கள் இருந்தார்கள். படிக்கும்போது தங்கள் வீட்டுப் பெட்டியைத் திறந்ததுபோல் இருக்கிறது என்று எழுதுவார்கள். பழைய படம் எதிர்த்துப் பேசாது. நாம் சொன்னதை இல்லை என்று சொல்லாது. அந்த வசதிக்குத்தான் நான் ஏக்கம் என்றும் அழகு என்றும் பெயர் வைத்திருந்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

பெரியப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா போன பிறகு அம்மாவையும் என்னையும் பாப்பாரப்பட்டிக்குக் கூட்டிவந்து தன் வீட்டில் வைத்துக்கொண்டவர் அவர். தன் மகனுக்கு என்ன வாங்கினாரோ அதையே எனக்கும் வாங்கினார். ஒருமுறை பெங்களூரிலிருந்து இரண்டு மழைக்கோட்டுகள் கொண்டுவந்தார். இரண்டும் ஒரே அளவு. இரண்டு பேருக்குமே பெரிதாக இருந்தன. வருகிற வருசத்துக்கும் ஆகும் என்று சிரித்தார். சேலம் பெங்களூர் சாலையில் எந்த வளைவில் எத்தனை புளியமரம் என்று அவருக்குத் தெரியும். எங்களைத் திட்டும் பேச்செல்லாம் கிடையாது. வண்டியிலிருந்து இறங்கி வந்தால் கிணற்றடியில் அரைமணி நேரம் குளிப்பார், பிறகு எங்களை உட்கார வைத்து வண்டிப் பேச்சுப் பேசுவார். "மேட்டுல எவன் வேணா ஓட்டுவான்டா. எறக்கத்துலதான் டிரைவர் ஆருன்னு தெரியும்" என்பார். அந்த இன்னொரு டிரைவரும் சில நாள் எங்கள் வீட்டில் சாப்பிட்டுப் போவார். தீர்த்தமலைப் பக்கத்து ஊர்க்காரர். அதிகம் பேசமாட்டார். சாப்பிட்ட தட்டைப் பெரியம்மா எவ்வளவு சொன்னாலும் தானே கழுவி வைப்பார். அவரைப் பற்றி எனக்கு நேரடியாக நினைவிருப்பது அவ்வளவுதான்.

நான் இரண்டாம் வகுப்புப் படித்தபோது தொப்பூர் இறக்கத்தில் அந்த வண்டி மலையில் மோதியது. பட்டப்பகல். இரும்புக் குழாய் ஏற்றிக்கொண்டு சேலத்துக்குப் போன வண்டி. அந்த இன்னொரு டிரைவர் அங்கேயே இறந்தார். பெரியப்பாவுக்கு இடது கால் இரண்டு இடத்தில் உடைந்தது. ஏழெட்டு மாதம் கழித்து மறுபடி வண்டி ஏறினார், ஆனால் நடையில் அந்த நொண்டல் கடைசி வரை போகவில்லை. வண்டியை ஓட்டியது அந்த இன்னொருவர்தான், குடித்திருந்தார், கண் அசந்துவிட்டார் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த சேதி. பெரியம்மா சொல்லுவார், பெரியம்மாவின் தம்பி இன்னும் உரக்கச் சொல்லுவார். பெரியப்பா மட்டும் எதுவும் சொன்னதில்லை. பிற்காலத்தில் சேலத்துக்கு பஸ்ஸில் போகும்போது தொப்பூர் வந்தால் தலையைக் குனிந்துகொள்வார். கூட்டாளியின் நினைவு என்று நான் எடுத்துக்கொண்டேன்.

இதையெல்லாம் வைத்துத்தான் அந்தக் கதையை எழுதினேன். எழுதும்போது மேசையில் அந்தப் படம் இருந்தது. இரண்டு பேருக்கும் வேறு பெயர் வைத்தேன், ஊரை மாற்றவில்லை. பெரியப்பாவை நண்பனுக்காகக் காலம் முழுக்கத் துக்கத்தைச் சுமக்கும் மனிதராக எழுதினேன். மற்றவருக்கு எழுத என்னிடம் அந்த மூடிய கண்கள் மட்டுமே இருந்தன. அவற்றை வைத்து அவரைக் குடிகாரர் ஆக்கினேன். நல்லவர், வெகுளி, ஆனால் புட்டியைப் பார்த்தால் நிதானம் இழப்பவர். 'ஆயுத பூஜை அன்று ஒரு நொடி கண்ணை மூடிப் பார்த்துக்கொண்டான். தொப்பூரில் மூடியதைத் திறக்கவே இல்லை' என்று ஒரு வரி. எழுதி முடித்து அந்த வரியை நானே இரண்டு மூன்று முறை வாய்விட்டுப் படித்துக்கொண்டேன். இதழாசிரியர் தொலைபேசியில் கூப்பிட்டு அந்த வரியைத்தான் சொன்னார். படத்தை ஒரு முழுப் பக்கத்துக்குப் பெரிதாக்கிப் போட்டார்கள். யாரோ அந்தப் பக்கங்களைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் விட, ஒரு வாரத்துக்கு எனக்கு வாழ்த்து வந்தபடி இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம், நாற்பதைத் தாண்டிய ஒரு பெண் எங்கள் வீட்டு வாசலில் நின்றார். தீர்த்தமலைப் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். அங்கன்வாடியில் வேலை என்றார். தண்ணீர் குடித்துவிட்டு, கைப்பையிலிருந்து நான்காக மடித்த தாள்களை எடுத்தார். என் கதை.

"இந்தப் படம் உங்ககிட்ட இருக்குதுங்களா சார்? ஒருக்கா பாக்கலாமா?"

எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தேன். அவர் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். வெகுநேரம் தலையை நிமிர்த்தவில்லை.

"இவருதான் எங்கப்பா. அவரு போனப்ப நான் எங்கம்மா வயித்துல அஞ்சு மாசம். எங்க வூட்ல ஒரு படம்கூட இல்லைங்க. கல்யாணத்துக்கும் எடுக்கலையாம். கூட வேலை செய்யற பொண்ணு போன்ல காட்டுச்சு. எங்கம்மாகிட்ட கொண்டுபோய்க் காட்டுனேன். பாத்த ஒடனே, இவருதான்னு சொல்லிடுச்சு. போட்டோ புடிச்சா கண்ண மூடிக்குவாராம். கூச்சமாம்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் தாள்களில் ஓர் இடத்தைக் காட்டினார். பென்சிலால் கோடு போட்டிருந்தது.

"எங்கப்பா குடிக்கமாட்டாருன்னு எங்கம்மா சொல்லுது சார். வெத்தலைகூடப் போடமாட்டாராம். ஆனா எங்க ஊர்ல எல்லாரும் நீங்க எழுதுன மாதிரிதான் சொல்லுவாங்க. குடிச்சுட்டு வண்டிய உட்டவன் பொண்டாட்டின்னு எங்கம்மாவ மூஞ்சிக்கு நேரா சொன்னவங்க இருக்காங்க. லாரி ஓனர் வூட்டு வாசப்படிகூட ஏற உடலையாம். நீங்க படிச்சவரு, அந்த வூட்டுக்காரரு. உங்களுக்கு உண்மை தெரியும்னுதான் வந்தேன். நெஜமாவே குடிச்சிருந்தாருங்களா?"

"அது கதைங்க. கற்பனை கலந்துதான்..."

"கதைன்னா அவரு படத்த ஏன் சார் போட்டீங்க?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. தெரியாததைக் கேட்பதுபோல்தான் கேட்டார். இருபது வருடமாக எழுதுகிறேன், அப்படி யாரும் என்னைக் கேட்டதில்லை. ஒரே ஒரு படத்தை வைத்து அப்பாவைக் கட்டிக்கொண்டவன் நான். அதுவும் இல்லாமல் ஒருவர் நாற்பது வருடம் இருந்திருக்கிறார், அவருக்கு அப்பாவின் முகம் முதன்முதலில் என் கதைக்கு மேலேதான் கிடைத்திருக்கிறது. பெரியப்பாவிடம் கேட்டுச் சொல்கிறேன், படத்தையும் பெரிதாக்கிச் சட்டம் போட்டு நானே கொண்டுவருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் பள்ளி முடிந்ததும் பாப்பாரப்பட்டிக்குப் போனேன். பெரியப்பா வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எண்பதைத் தாண்டியிருந்தார். பேரப்பிள்ளைகள் உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்படி ஒரு கதை எழுதியிருக்கிறேன் என்றேன். "படி, கேக்கறேன்" என்றார். முழுக்கப் படித்தேன். அவர் வேட்டி ஓரத்தை விரலால் நீவியபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"நல்லாத்தான் எழுதியிருக்க" என்றார். பிறகு, "வண்டிய ஓட்டுனது நானுடா" என்றார்.

கேட்கக் கேட்க ஒவ்வொன்றாகச் சொன்னார். பெங்களூரிலிருந்து கிருஷ்ணகிரி வரை அந்த இன்னொரு டிரைவர்தான் ஓட்டி வந்தார். சாப்பிட நிறுத்திய இடத்தில் பெரியப்பா சாராயம் குடித்தார். குடித்துவிட்டு நீ படு, நான் ஓட்டுகிறேன் என்றார். வேண்டாம் என்று அவர் சாவியைக் கையில் மூடி வைத்துக்கொண்டார். பெரியப்பா விரலைப் பிரித்து வாங்கினார். தொப்பூர் இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்கக் கியரை எடுத்து வண்டியைத் தானாக உருள விட்டார். வேகம் பிடித்த வண்டிக்கு பிரேக் பிடிக்கவில்லை. பக்கத்து சீட்டில் இருந்தவர் கடைசியாகச் சொன்னது பெரியப்பாவின் பெயரை. ஆஸ்பத்திரியில் போலீஸ்காரர் யார் ஓட்டியது என்று கேட்டபோது, கட்டிலுக்குப் பக்கத்தில் நின்ற பெரியம்மாவின் தம்பி முந்திக்கொண்டு செத்தவர் பெயரைச் சொன்னார். குடிப்பழக்கம் உண்டு என்றும் சேர்த்துக்கொண்டார்.

"நான் அவன் பேரச் சொல்லலடா. சும்மா இருந்தேன். அவ்வளவுதான்."

"அவங்க வூட்டுக்குப் போனீங்களா?"

"ஒருக்கா போனேன். தெருமொன வரைக்கும். அந்தப் பொண்ணு புள்ளைய இடுப்புல வெச்சிட்டு தண்ணி எடுத்துட்டுப் போச்சு. திரும்பிட்டேன்."

அந்த மகள் வந்திருந்ததைச் சொன்னேன். அவரிடம் உண்மையைச் சொல்ல வேண்டும் என்றேன். பெரியப்பா முதன்முறையாக என் பக்கம் முகத்தைத் திருப்பினார். பார்வை மங்கிய அந்தக் கண்கள் என் தோளுக்கு மேலே எதையோ பார்த்தன.

"நான் உள்ள போயிருந்தா உனக்கும் உங்கம்மாவுக்கும் ஆருடா கஞ்சி ஊத்தறது? உன்ன ஆரு படிக்க வெக்கறது? நான் இருக்கற வரைக்கும் வேண்டாம். செத்தப்பறம் என்னமோ பண்ணிக்க."

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. நான் படித்த படிப்பு, வாங்கும் சம்பளம், கதை எழுதும் கை எல்லாவற்றுக்கும் அடியில் அந்தக் குடும்பம் கிடந்தது. எனக்கு அப்போது பெரியப்பாவின் மேல் கோபம் வரவில்லை. அவர் சொல்லாமலேயே இருந்திருக்கலாம் என்றுதான் தோன்றியது. அந்த எண்ணத்துக்காக இன்றுவரை என்னை நான் மன்னிக்கவில்லை.

சொன்னபடி படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். ஓட்டு வீடு, வாசலில் ராகி காய்ந்துகொண்டிருந்தது. அந்த மகளின் அம்மா என்னைவிடப் பதினைந்து பதினாறு வயதுதான் மூத்தவர். ஆனால் உடம்பு ஒடுங்கி, மிகவும் வயதானவராகத் தெரிந்தார். படத்தை வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கணவரின் முகத்தைவிட சட்டையைத்தான் அதிக நேரம் பார்த்தார். "இந்தச் சட்டை நான் எடுத்துக் குடுத்தது கண்ணு" என்றார். மகள் காப்பி போட உள்ளே போனபோது என்னைப் பக்கத்தில் கூப்பிட்டுக் கேட்டார்.

"நீ எழுதுனயாமே, அது உங்க பெரீப்பா சொல்லி எழுதுனதா கண்ணு?"

சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் எனக்குக் கிடைத்திருக்காது. காப்பி டம்ளர் சத்தம் உள்ளே கேட்டது.

"இல்லைங்க ஆத்தா. நானா எழுதுனது. தப்பா எழுதிட்டேன்."

அவர் முகம் தெளிந்தது. "அதான பாத்தேன். அவரு அப்படிச் சொல்லியிருக்கமாட்டாரு. ரெண்டு பேரும் ஒரு தட்டுல சாப்புட்டவங்க. எங்கூட்டுக்காரரு உங்க பெரீப்பாவ அண்ணன் அண்ணன்னுதான் சொல்லுவாரு. நல்லா இருக்காரா?"

நல்லா இருக்காருங்க என்றேன். காப்பியைக் குடித்தேன். மகள் வந்து, பெரியப்பாவிடம் கேட்டீங்களா சார் என்றதற்கு, அவருக்கு வயதாகிவிட்டது, நினைவு சரியாக இல்லை என்று சொன்னேன். என் கதைகளில் எத்தனையோ பேரை எத்தனையோ பொய் சொல்ல வைத்திருக்கிறேன். எதுவும் இவ்வளவு சுலபமாக வந்ததில்லை.

அந்த வருடம் நான் எதுவும் எழுதவில்லை. பழைய படங்களை யாராவது கொடுத்தால் வாங்கிக்கொள்ளவும் இல்லை. அதற்குள் அந்த அம்மா இறந்துவிட்டார். காய்ச்சல் என்று படுத்தவர் எழவில்லையாம். மகள்தான் போனில் சொன்னார். காரியத்துக்குப் போகத் துணிவில்லாமல், பள்ளியில் தேர்வு வேலை என்றேன். அதன் பிறகு ஐந்து மாதத்தில் பெரியப்பாவும் போய்ச் சேர்ந்தார். லாரிக்காரர்கள் நிறையப் பேர் வந்தார்கள். மாலை போட்டுவிட்டு, இவர் மாதிரி ஒரு டிரைவர் இனிமேல் பிறக்கப்போவதில்லை என்றார்கள். கொள்ளிக்குடம் உடைத்தது அவர் மகன், பாடைக்கு முன்னால் தோள் கொடுத்தது நான். அப்போது அழுதேன். எதற்கு அழுதேன் என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அந்த மகளைப் போனில் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பக்கம் குழந்தைகள் பாட்டுச் சொல்லும் சத்தம் கேட்டது. அவர் எழுந்து வெளியே வந்திருக்க வேண்டும், சத்தம் தேய்ந்தது. அதே இதழில் உண்மையை எழுதி மன்னிப்புக் கேட்கப்போகிறேன் என்றேன்.

"எழுதி என்ன சார் பண்றது? எங்க ஊர்ல ஆரு அதெல்லாம் படிக்கறாங்க. இங்க வந்து சொல்லுங்க. சொன்னவங்க எல்லாம் இன்னும் இங்கதான் இருக்காங்க."

போனேன். சாயங்காலம் பால் ஊற்ற வருகிற நேரத்தில் சொசைட்டி வாசலில் ஏழெட்டுப் பெரியவர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் அந்த மகளுக்குச் சித்தப்பா முறை, இறந்தவரோடு சின்ன வயதில் மாடு மேய்த்தவர். அவர் முன்னால் என்னை நிறுத்தி, "இவரு ஒன்னு சொல்லணும்னு வந்திருக்காரு, எல்லாரும் கேளுங்க" என்றார் மகள். வகுப்பில் நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் பேசுகிறவன், அங்கே ஏழெட்டுப் பேர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இருந்தாலும் சொன்னேன். என் பெரியப்பாதான் ஓட்டினார், என் பெரியப்பாதான் குடித்திருந்தார், இவருடைய அப்பா சாவியைக் கொடுக்க மறுத்தார், பழியை அவர் மேல் போட்டது எங்கள் குடும்பம், கதை எழுதி அதை ஊருக்கெல்லாம் பரப்பியது நான். ஒன்றையும் விடவில்லை.

பால் கேன் மூடிகள் மட்டும் சத்தமிட்டன. சித்தப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"உங்க பெரீப்பாரு இப்ப இருக்காருங்களா?"

"இல்லைங்க. போன மாசம் தவறிட்டாரு."

"உங்கள வளத்து ஆளாக்குனவருன்னு இந்தப் பொண்ணு சொல்லுச்சு."

"ஆமாங்க."

அவர் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். என்மேல் அவருக்கு ஏற்பட்ட வருத்தம் முகத்திலேயே தெரிந்தது.

"அவரு இல்லாதப்ப வந்து இப்படிச் சொல்றீங்களே தம்பி. செத்தவங்க மேல பழி போடறது பாவமில்லைங்களா?"

மற்றவர்கள் ஆமாம் என்பதுபோல் முணுமுணுத்தார்கள். ஒருவர் தன் கேனை எடுத்துக்கொண்டு நடந்தார். நான் அந்த மகளைப் பார்த்தேன். அவர் சித்தப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "வாங்க சார், உங்க பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார்.

பஸ் நிறுத்தம் வரை கூட வந்தார். தூரத்தில் பஸ் வளைவில் திரும்புவது தெரிந்தபோது சொன்னார்.

"அவங்க நம்புனா நம்பறாங்க, இல்லாட்டிப் போறாங்க. படம் குடுக்க வந்தீங்கல்ல, அன்னைக்கே உங்களுக்குத் தெரியுமில்ல சார்? அன்னைக்குச் சொல்லியிருந்தா எங்கம்மா கேட்டிருக்கும்."

பஸ் வந்து நின்றது. ஏறிக்கொண்டேன்.